வோட்டர் பேப்பர் தொடும் முன் பெயின்ற் தடிப்பு: மீற்றர் குழப்பினால் எங்கே பார்ப்பது

"பெயின்ற் தடிப்பு மீற்றர் 180 காட்டுகிறது, வோட்டர் பேப்பரால் தேய்க்கலாமா?" திருகோணமலையில் பழைய கார் திருத்தி முடித்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். அந்த ஓர் இலக்கத்தை வைத்து ஆம், இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. மீற்றர் அளப்பது தகட்டுக்கு மேலே உள்ள அத்தனையையும் சேர்த்து. பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), பிரைமர், கலர், கிளியர் (நிறமில்லாத மேல் பூச்சு), சில கார்களில் சுரண்டாமல் விட்ட பழைய பெயின்ற் எல்லாம் அதற்குள் அடக்கம். நீங்கள் தேய்க்கப் போவதோ மேலே இருக்கும் கிளியரை மட்டும்.

ஒழுங்காக அடித்த 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் வகை) இரண்டு கோட், காய்ந்த பிறகு 50 முதல் 60 மைக்கிரோன் வரும்; ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1500 பேப்பரால் ஒரேஞ்ச் பீலை, அதாவது தோடம்பழத் தோல் போன்ற மேடுபள்ளத்தை, சமப்படுத்தி, 2000, 3000 என்று போய் (இலக்கம் கூடக் கூடப் பேப்பர் நைசு), கொம்பவுண்ட் போட்டு முடிக்கும்போது அதில் 10 முதல் 15 போய்விடும். ஒட்டிய தூசியை மட்டும் எடுப்பதென்றால் 2000 பேப்பரே போதும், 5-க்குள் முடியும். மிஞ்சும் கிளியர் 40-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் கணக்கு. நம்மூர் வெயிலைத் தாங்குவது அந்த மிச்சம்தான். யார் அடித்தது, எத்தனை கோட் என்று தெரியாத காரில் 8 மைக்கிரோனுக்கு மேல் எடுக்க நான் விடுவதில்லை.

இனி, எந்தக் குறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## ஒரே இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இலக்கம்

முதலில் கழுவுங்கள். டச்சு வளைகுடாப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ இரவு வெளியில் நின்ற கார் என்றால் காலையில் அதன் மேல் உப்புப் படலம் இருக்கும். விரலால் தடவினால் பிசுபிசுக்கும். அதன் மேல் முனையை வைத்தால் உப்பையும் மணலையும் சேர்த்துத்தான் மீற்றர் அளக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே சரியாகிவிடும்.

இன்னும் ஆடுகிறதா? பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். முனை தகட்டுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். மொரிஸ் மைனர் மாதிரி எங்கும் உருண்டையான காரில் இது இலேசில்லை. மட்காட்டின் வளைவில் கை கொஞ்சம் சரிந்தாலே 10, 15 கூடிவிடும். வளைவில் அளக்கும்போது மீற்றரை இரண்டு கையாலும் பிடித்து, ஓரிடத்தில் ஐந்து தடவை வைத்து, தனியே விலகி நிற்கும் இலக்கத்தைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியை எழுதுங்கள்.

கதவின் ஓரம், பொனற்றின் ஓரம், துளைகளைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டு உள்ளே அளக்க வேண்டும். விளிம்பில் மீற்றர் உண்மை சொல்லாது.

அடுத்தது சூடு. ஆவணி வெயிலில் நின்ற பொனற்றில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் மீற்றரும் தவறும், பெயின்றும் இளகி இருக்கும். விடியற்காலையில், நிழலில் அளப்பது நல்லது. பற்றரியையும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள்.

அரிதாக இன்னொன்றும் உண்டு. டிங்கரிங் நேரத்தில் காந்தக் கிளாம்ப் ஒட்டி வெல்டிங் செய்த இடத்தில் தகட்டுக்குள் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கும். மீற்றரை அதே இடத்தில் அரை வட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு இலக்கம் வந்தால் காரணம் இதுதான். இரண்டின் சராசரியை எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

இத்தனையும் பார்த்த பிறகு, மீற்றரோடு வந்த இரும்புத் துண்டின் மேலும் இலக்கம் ஆடினால் மீற்றர்தான் பழுது. அதை நம்பிக் காரைத் தொடாதீர்கள்.

## எங்கு வைத்தாலும் எல்லாமே குறைவு, அல்லது எல்லாமே கூட

பூச்சியம் சரியில்லை. மீற்றரோடு வரும் வெறும் தகட்டில் வைத்து பூச்சியம் பிடியுங்கள். பிறகு அதோடு வரும், தடிப்பு எழுதிய பிளாஸ்ரிக் தாள்களில் ஒன்றைத் தகட்டின் மேல் வைத்துச் சரிபாருங்கள். காரில் எதிர்பார்க்கும் தடிப்புக்குக் கிட்டிய தாளை எடுக்க வேண்டும். 150, 200 மைக்கிரோன் அளக்கப் போகிறவர் 1000 மைக்கிரோன் தாளில் சரிபார்த்து என்ன பயன்?

இதைவிட நல்லது, அதே காரில் பெயின்ற் இல்லாத இரும்பு எங்காவது தெரிந்தால் அதில் பூச்சியம் பிடிப்பது. துரு இல்லாமல், மட்டமாக, பெரு விரல் அகலமாவது இருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் பெயின்ற் வேலை பார்க்கிற ஆட்களிடமும் இதே மாதிரி மீற்றர் இருக்கும், கேட்டால் ஒரு நாளைக்குத் தருவார்கள். நல்ல மீற்றர்கள்தான். ஆனால் கப்பல் தகடு மணல் அடித்துச் சொரசொரப்பாக்கியது. அந்தச் சொரசொரப்புக்கு ஏற்றபடி மீற்றரைச் சரிசெய்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே வழவழப்பான கார்த் தகட்டில் வைத்தால் 20, 25 மைக்கிரோன் குறைத்துக் காட்டும். கிளியரில் பாதி காணாமல் போன மாதிரி தெரிந்து வீணாகப் பயந்துவிடுவீர்கள். இரவல் மீற்றர் என்றால் பழைய செட்டிங்கை அழித்து, வழவழப்பான தகட்டில் புதிதாகப் பூச்சியம் பிடியுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது மாற்றியதைச் சொல்லிக் கொடுங்கள், அவர்களுக்கும் வேலை கெடக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் கைமீற்றர்களுக்கு 3 வீதமும் அதற்கு மேல் ஓரிரு மைக்கிரோனும் பிழை இருப்பது வழமை. 200 காட்டும் இடத்தில் அது 7, 8 மைக்கிரோன். நீங்கள் தேய்த்து எடுக்கப் போகும் அளவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே மொத்த இலக்கத்தை நம்பி வெட்டாதீர்கள். ஒரே மீற்றரால், ஒரே புள்ளியில், தேய்க்கும் முன்னும் பின்னும் அளந்தால் அந்தப் பிழை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், கழிக்கும்போது போய்விடும். நம்ப வேண்டியது அந்த வித்தியாசத்தை.

## இலக்கமே வரவில்லை

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்த இடத்தில் வையுங்கள்.

ஒட்டவே இல்லை, கார் முழுக்க அப்படித்தான் என்றால்: பழைய லான்ட் ரோவரா? அதன் வெளித் தகடுகளில் பெரும்பகுதி அலுமினியம். இரும்புக்கு மட்டுமான மீற்றர் அதில் ஒன்றும் காட்டாது. இரும்பு அல்லாத உலோகத்தையும் அளக்கும் மீற்றர் வேண்டும். அலுமினியத் துண்டில் தனியாகப் பூச்சியம் பிடிக்கவும் வேண்டும். அதே வண்டியில் டாஷ்போர்டுக்கு முன்னால் உள்ள தடுப்புச் சுவர் இரும்பு. இரண்டுக்கும் ஒரே பூச்சியம் போதாது.

ஒரு மட்காட்டில் மட்டும் ஒட்டவில்லை என்றால் அது பைபரில் வார்த்துப் போட்டதாக இருக்கலாம். உலோகமே இல்லாத இடத்தில் இந்த வகை மீற்றர் எதுவும் வேலை செய்யாது. ஒலி அலையால் அளக்கும் மீற்றர் வேண்டும். அதன் விலைக்கு ஒரு பக்கம் முழுவதற்கும் பெயின்ற் அடித்துவிடலாம். பைபர் மட்காட்டை 2000 பேப்பருக்குக் கீழே இறங்காமல், தூசி எடுக்கும் அளவோடு நிறுத்துங்கள்.

காந்தம் பக்கத்தில் ஒட்டுகிறது, இந்த ஓரிடத்தில் மட்டும் நழுவுகிறது என்றால் அங்கே பட்டி மிகத் தடிப்பு. பல மீற்றர்கள் 1250 அல்லது 2000 மைக்கிரோனுக்கு மேல் போனால் இலக்கம் காட்டுவதையே நிறுத்திவிடும். அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## ஓரிடத்தில் மட்டும் 500, 800, 1000

விரல் மூட்டால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் மந்தமாக மாறும் இடத்தில் பட்டி தொடங்குகிறது. பழைய காரில் பட்டி இருப்பது குற்றமில்லை. 3 மில்லிமீற்றருக்கு மேல் போனால் பிற்காலத்தில் வெடிக்கும், அவ்வளவுதான். தேய்ப்பவர் மனதில் வைக்க வேண்டியது வேறு: 800 இருக்கிறதே, தாராளமாகத் தேய்க்கலாம் என்று இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். பட்டியின் மேலும் அதே 50 மைக்கிரோன் கிளியர்தான். பட்டி மேடாக நிற்கும் இடத்தில் பேப்பர் முதலில் கடிப்பதால் அங்கே முதலில் ஓட்டை விழவும் கூடும்.

தட்டினால் சத்தம் மந்தமில்லை, இலக்கம் மட்டும் உயரம் என்றால் ஈயமாக இருக்கலாம். அந்தக் காலத்தில் தகடு பொருந்தும் இடங்களை ஈயத்தால் நிரப்பினார்கள். ஈயத்தில் காந்தம் ஒட்டாததால் இரும்பு மீற்றர் அதையும் பெயின்றாக எண்ணிவிடும். இரண்டு வகை உலோகமும் அளக்கும் மீற்றரை மற்ற வகைக்கு மாற்றி வைத்தால் ஈயத்துக்கு மேலே உள்ள பெயின்ற் மட்டும் தெரியும். இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள், ஈயம் பட்டியைவிட நன்றாக நிற்கும். ஆனால் அந்த இடத்தில் உலர்ந்த பேப்பர் போட்டுத் தூசி பறக்க விடாதீர்கள். தண்ணீரோடு மட்டும்.

சுற்றிலும் 160, ஒரு சதுரம் மட்டும் 20 மைக்கிரோன் அளவு கூட என்றால், துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்து ஜீ.ஐ. தகடு (நாகம் பூசிய இரும்பு) வைத்திருப்பார்கள். நாகப் பூச்சும் கணக்கில் சேர்கிறது. பிரச்சினை இல்லை.

சின்னதாக, காசளவில் கூடுகிறது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கொப்புளம் போல் தெரிகிறதா? அடியில் உப்போ துருவோ இருக்கிறது. நம் கடற்கரை ஊரில் இது பெரிய வியாதி. அதைத் தேய்த்தால் கொப்புளத்தின் உச்சி உடைந்து தண்ணீர் உள்ளே போகும். இந்த இடத்தில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு பெயின்ற் பாஸைக் கூப்பிடுங்கள். வெறும் தகடு வரை திறந்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, மறுபடி பிரைமரிலிருந்து வர வேண்டும். வேறு வழி கிடையாது.

## ஓரிடத்தில் மட்டும் மற்றதைவிடக் குறைவு

பொனற்றின் நடு மேட்டுக்கோடு, மட்காட்டின் நெற்றி, கதவின் வளைகோடு: இந்த இடங்களில் ஈரப் பெயின்ற் இரண்டு பக்கமும் வழிந்து இறங்குவதால் காய்ந்த பிறகு மெல்லிசாகத்தான் இருக்கும். அளக்காமலே இவற்றுக்கு மாஸ்கிங் ரேப் ஒட்டிவிடுங்கள். கோட்டிலிருந்து கால் அங்குலம் இரண்டு பக்கமும். கடைசியில் ரேப்பைக் கழற்றி, கையால் 3000 பேப்பர் இரண்டு இழுப்பு, அத்தோடு சரி.

மட்டமான தகட்டின் நடுவிலேயே குறைவு என்றால் யாரோ ஏற்கனவே பஃப் மெசின் போட்டிருக்கிறார்கள். பக்கத்து இடங்களைவிட 20-க்கு மேல் குறைந்திருந்தால் அங்கே பேப்பர் வேண்டாம், கை பொலிஷோடு விடுங்கள். மொத்தமே 80, 90 என்றால் கேள்விக்கே இடமில்லை.

## மொத்தம் தெரிகிறது, கிளியர் எவ்வளவு என்று தெரியவில்லை

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

முதலில் கிளியர் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் துளி கொம்பவுண்ட் எடுத்து ஒரு மூலையில் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் கிளியர் இல்லை, கலரே மேல் கோட். ஏறாவிட்டால் கிளியர் உண்டு.

பிறகு, மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியைச் சில விநாடி வையுங்கள். பெயின்ற் கரைந்து துணியில் ஒட்டினால் அது பழைய என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) வகை. சுருங்கி மடிந்தால் சிந்தெற்றிக் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் 2கே. என்.சி. பெயின்ற் அடித்து வாரக்கணக்கான பிறகும் ஒடுங்கிக்கொண்டே இருக்கும். அடித்த கிழமையில் அளந்த அளவை வைத்துத் தேய்க்கத் திட்டம் போடாதீர்கள்.

கிளியர் உள்ள காரில், அடித்த பாஸைக் கேட்பது செலவில்லாத வழி. எத்தனை கோட், எந்த வகைக் கிளியர், ஏற்கனவே கட் பண்ணியதா (தேய்த்து மெருகேற்றியதா) என்ற மூன்றும் கேளுங்கள். சாம்பிள் தகடு வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஆள் கிடைக்கவில்லையா? காரிலேயே ஓரிடத்தைப் பலி கொடுக்க வேண்டும். பூட் மூடியில் நம்பர் பிளேட் மூடும் இடம் அதற்குத் தோது. பிளேட்டைக் கழற்றுங்கள். நடுவை அளந்து எழுதுங்கள். 210 என்று வைத்துக்கொள்வோம். 1000 பேப்பரைத் தண்ணீரோடு, நடுவில் அதிகமாகவும் ஓரத்துக்குப் போகப் போகக் குறைவாகவும், உள்ளங்கை அகலத்துக்குச் சரிவாகத் தேயுங்கள். வழியும் தண்ணீர் பால் போல் இருக்கும். அதில் நிறம் முதலில் தலைகாட்டும் நொடியில் நிறுத்துங்கள். துடைத்துக் காயவிட்டால் நடுவில் ஒரு வட்டம் நிழலாகத் தெரியும், அங்கே கிளியர் முடிந்துவிட்டது. வட்டம் சிறிதென்றால் இன்னும் மெல்லத் தேய்த்து, முனை முழுதாக உட்காரும் அளவுக்கு அகன்றதும் துடைத்து அங்கே அளவுங்கள். 155 வந்தால் கிளியர் 55. அதில் 40-ஐ விட்டால் கையில் உள்ளது 15. கழுவித் துடைத்து, ஸ்ப்ரே டப்பாக் கிளியரை மேலே ஒரு கோட் அடித்துப் பிளேட்டைப் பூட்டிவிடுங்கள்.

பூட் மூடியில் 55 என்றால் கூரையிலும் 55 என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரே பாஸ், ஒரே நாள், ஒரே பெயின்ற் துப்பாக்கி என்றால் கிட்டத்தட்ட அந்த அளவுதான் வரும். கூரையும் பக்கக் கதவுகளின் கீழ்ப்பகுதியும் வழமையில் மெல்லிசு. அங்கே கையிருப்பைப் பாதியாக்கிக் கொள்ளுங்கள்.

## தேய்க்கும்போது இலக்கம் இறங்கவே இல்லை

ஈரத்தோடு அளக்கிறீர்கள். தண்ணீரும் கணக்கில் சேரும். துடைத்து, ஒரு நிமிடம் விட்டு அளவுங்கள். அப்போதும் அதே இலக்கம் என்றால் புள்ளி மாறிவிட்டது. இதற்குத்தான் தொடங்கும்போதே ஆறு அங்குலத்துக்கு ஓர் இடம் என்று குறித்து, ஓரத்தில் ரேப் ஒட்டி அதில் முதல் இலக்கத்தை எழுதி வைக்கச் சொல்கிறேன்.

## சடாரென்று இறங்குகிறது, அல்லது ஆழக் கீறல் விழுகிறது

தண்ணீரைப் பாருங்கள். கிணற்று நீரில் நுண்மணல் இருந்தால் 2000 பேப்பர் போட்டும் பயனில்லை, அந்த மணல் 400 பேப்பர் போல் கீறும். வாளியில் இரவு தெளிய விட்டு, மேல் தண்ணீரைத் துணியில் வடித்து எடுங்கள். சவர்க்காரம் ஒரு துளி விடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கராஜ் கதவைத் திறந்து வைத்துத் தேய்க்கவே வேண்டாம், வறண்ட மண் பறந்து ஈரத் தகட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது கை. விரல் நுனியால் அழுத்தினால் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். றப்பர் கட்டை வைத்துத் தேயுங்கள்.

## தண்ணீரில் நிறம் வருகிறது

துணிச் சோதனையில் முன்பே நிறம் வந்த கார் என்றால் இது இயல்பு. பிரைமரின் சாம்பலோ செம்மையோ தெரிகிறதா என்று மட்டும் கண் வைத்திருங்கள்.

கிளியர் உள்ள கார் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் சமமாகிவிடும் என்று நினைப்பீர்கள், ஆகாது. அந்த இடத்துக்கு மட்டும் கிளியர் ஊதிச் சேர்த்தாலும் சேர்ந்த ஓரம் நம்மூர் வெயிலில் பிறகு உரியத் தொடங்கும். அந்தத் தகடு முழுவதற்கும், ஓரத்திலிருந்து ஓரம் வரை, பாஸ் மறுபடி கிளியர் அடிக்க வேண்டும். மெற்றாலிக் நிறமென்றால் கலரிலிருந்து.

## தேய்த்தபோது கண்ணாடி, சில வாரத்தில் மங்கல்

கிளியர் காயும் முன் தேய்த்துவிட்டார்கள். உள்ளே இருந்த தின்னர் வெளியேறும்போது மேற்பரப்பு ஒடுங்கி, அடியில் உள்ள பட்டிக் கோடுகள் மேலே வரும். வாடை காலத்தில், மழையும் ஈரமும் விடாத கார்த்திகை, மார்கழியில் அடித்த காரில் இது அதிகம். என்.சி. பெயின்றில் வெள்ளையும் பூக்கும். உடனே மறுபடி பேப்பர் போடாதீர்கள். பழைய புள்ளிகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளவுங்கள். இலக்கம் இறங்குவது நின்ற பிறகு, கையிருப்பு இருந்தால் 3000 பேப்பரும் பொலிஷும். இல்லாவிட்டால் பாஸ்தான்.

பாஸிடம் போகும்போது புள்ளிகளும் இலக்கங்களும் எழுதிய தாளைக் கொண்டு போங்கள். எந்தத் தகட்டில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்த்தால் அவரும் கார் முழுவதும் அடிக்கச் சொல்லாமல் ஒரு பொனற்றோடு முடிக்க வழி பார்ப்பார். மறுபடி அடிப்பதாக முடிவானால், கலர் காய்ந்து கிளியர் அடிக்கும் முன் காரிலேயே அளந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கிளியர் அடிக்க நேர இடைவெளி உண்டு, அதைத் தாண்ட அவர் சம்மதிக்க மாட்டார், கலரில் முனை பட்ட தடமும் தெரியும். அதனால் பழைய இரும்புத் துண்டொன்றைக் காரோடு சேர்த்து மாட்டி, ஒவ்வொரு கோட்டையும் அதற்கும் அடிக்கச் சொல்லி, அதில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.